எழுதிக் கொடுத்தவர்கள்: வள்ளலாரின் சங்கமும் சபை வாசலும்

‘எழுத்து எனக்குத் தவம்’ என்று ஒருமுறையாவது சொல்லாத எழுத்தாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. முற்போக்காளர் சொல்கிறார், தூய கலைக்காரர் சொல்கிறார், இந்த இரண்டு பேரையும் திட்டி எழுதுகிற நம் ஆட்களும் ராத்திரி பத்து மணிக்கு மேல் டீக்கடை பெஞ்சில் இதையேதான் சொல்கிறார்கள். இந்தத் ‘தவம்’ என்பதன் உள்ளடக்கத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் கிடைப்பது ஒரு சாத்திய கதவுதான். உள்ளே ஒரு ஆள், ஒரு மேசை, ஒரு பேனா. வெளியே பெண்டாட்டி பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது. மற்றமை என்று ஒன்று அந்த அறைக்குள் வருவதேயில்லை. வந்தால் தவம் கலைந்துபோகும்!

இதற்கு எதிர்ப்பக்கம் இயக்கத் தோழர்கள். ‘ஆன்மீகம்’ என்ற சொல் காதில் விழுந்த உடனே கையை உதறிவிட்டு எழுந்துகொள்கிறார்கள். அதற்குக் காரணங்கள் உண்டு, நானும் அந்தக் காரணங்களோடு உடன்படுகிறவன்தான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், தவம் என்கிறவரும் சரி, சீ என்கிறவரும் சரி, ஒரே அடிப்படையில்தான் நிற்கிறார்கள். ஆன்மீகம் என்பது தனி ஆளின் விவகாரம், சமூகம் என்பது வேறு விவகாரம் என்ற பிரிவினை இரண்டு பேருக்குமே இயல்பானதாக இருக்கிறது. இந்தப் பிரிவினை எங்கள் பக்கத்து மண்ணில் ஒருத்தர் விஷயத்தில் செல்லுபடியாகவில்லை. விருத்தாசலத்தில் பஸ் ஏறினால் நெய்வேலி தாண்டி வடலூர். இராமலிங்கம் என்கிற மனிதரை ‘அருள் பெற்றவர்’ என்றோ ‘சீர்திருத்தவாதி’ என்றோ முத்திரை குத்தி ஒதுக்காமல், எழுதுவதன் மூலம் ஆட்களைக் கூட்டிய ஒருவராக, கூட்டிய இடத்திலேயே ஒரு வாசலையும் வைத்தவராக வாசிக்க முடியுமா என்பதுதான் இங்கே என் கேள்வி.

முதலில் கடிதங்கள். அருட்பாவைப் பற்றிப் பேசுகிற யாரும் கடிதங்களிலிருந்து தொடங்குவதில்லை. பாட்டுகள் ‘பிரதி’ ஆகிவிடுகின்றன, கடிதங்கள் வெறும் வாழ்க்கை வரலாற்றுத் தகவல் ஆகிவிடுகின்றன. சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியார், புதுவை வேலு முதலியார் போன்ற அன்பர்களுக்கு கருங்குழியிலிருந்து அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி என்ன? உடம்பு எப்படி இருக்கிறது, வீட்டு விவகாரம் என்ன ஆயிற்று, மனசை எதில் வைத்திருக்க வேண்டும், அநாவசியமாகக் கவலைப்படாதே. குடும்பத்தில் இருந்துகொண்டே செய்யக்கூடிய பயிற்சியைத் தபாலில் சொல்லித் தருகிற எழுத்து அது.

மிஷேல் ஃபூக்கோ 1983இல் எழுதிய ஒரு கட்டுரையில், ‘தன்னை எழுதுதல்’ பற்றிப் பேசுகிறபோது, பழைய கிரேக்க ரோமானிய மரபில் இரண்டு வகை எழுத்தைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, படித்ததையும் கேட்டதையும் தனக்காகக் குறித்துவைத்துக்கொள்கிற நோட்டு. இன்னொன்று கடிதம். செனகா லூசிலியஸுக்கு எழுதிய கடிதங்களை அவர் எடுத்துக்கொள்கிறார். கடிதம் பெறுகிறவரைத் திருத்துவதோடு எழுதுகிறவரையும் திருத்துகிறது, ஏனென்றால் எழுதுகிறவர் இன்னொருத்தர் பார்வைக்குத் தன்னைத் திறந்துவைக்கிறார் என்பது அவர் வாதம். அதே கட்டுரையின் தொடக்கத்தில் எகிப்தியப் பாலைவனத்துத் துறவி அந்தோணியாரின் யோசனை ஒன்றும் வருகிறது. மனசில் ஓடுகிறதையெல்லாம் அடுத்தவரிடம் சொல்லப்போகிறாப்போல எழுதி வைத்தால் கெட்ட நினைப்பு அடங்கும் என்பது அது. தனியாக இருக்கிற துறவிக்கு நோட்டுதான் கூட்டாளி. நம் ‘தவ’ எழுத்தாளர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கருங்குழிக் கடிதங்களில் 1860ஆம் ஆண்டின் இறுதியில் எழுதப்பட்ட ஒன்று இருக்கிறது. அன்பர்கள் பாடல்களைத் தொகுத்து அச்சிட வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். இவர் தட்டிக் கழிக்கிறார். இரத்தின முதலியார் ஒரு சபதம் எடுக்கிறார்: ஏடு வந்து சேருகிற வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பாடு. இந்தச் செய்தி கருங்குழிக்குப் போகிறது. பதிலில் இவர், அந்த நோன்பை விட்டுவிடும்படி கேட்டு, பாடல்களை அனுப்பி வைப்பதாக ஒப்புக்கொள்கிறார். ‘திருவருட்பா’ என்ற பெருநூல் அச்சுக்குப் போனதன் பின்னால் ஒரு வாசகனின் பட்டினி இருக்கிறது. தெய்வத்தின் கட்டளையோ அரசரின் ஆணையோ அல்ல, சென்னையில் ஒருத்தர் சாப்பிடாமல் இருந்தது. பசி என்பதைத் தன் நெறியின் அஸ்திவாரமாகவே பின்னால் வைத்துக்கொண்ட ஒரு மனிதரை அசைப்பதற்கு அந்த வாசகர் கையில் எடுத்ததும் பசியே. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

இரண்டாவதாக ஒரு வடிவம். அவருடைய உரைநடையில் ‘விண்ணப்பம்’ என்று தலைப்பிட்டவை நான்கு உண்டு. இலக்கிய வரலாறு எழுதியவர்கள் இவற்றை ‘உரைநடை வளர்ச்சி’ அத்தியாயத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கும் அந்த ஒரு வரிதான் கிடைத்தது. விண்ணப்பம் எங்கிருந்து வருகிறது? மருதூரில் 1823இல் அவர் பிறந்த குடும்பம் கணக்குப்பிள்ளைக் குடும்பம். கம்பெனி ஆட்சி என்பது கிராமத்து மக்களுக்குக் காகிதமாகத்தான் வந்து சேர்ந்தது. வரி, பட்டா, பாக்கி, அதற்கு மேல் மனு. ரெவின்யூ அதிகாரிகள் குடியானவர்களை அடித்து உதைத்து வரி வசூலித்தது பற்றி விசாரித்த சென்னைச் சித்திரவதைக் கமிஷன் 1855இல் அறிக்கை கொடுத்த காலம் இது. மேலே ஒரு சந்நிதானம், கீழே ஒரு குடி, நடுவில் ஒரு மனு என்ற அந்த அமைப்பை அப்படியே எடுத்து, கலெக்டர் இருந்த இடத்தில் அருட்பெருஞ்ஜோதி ஆண்டவரை வைத்துவிட்டார் இவர். பக்திப் பாட்டில் ஆண்டவனிடம் கெஞ்சலாம், கோபிக்கலாம், ஊடலாம். மனுவில் அது முடியாது. கோரிக்கை இன்னது என்று சொல்ல வேண்டும்.

கோருகிறவர் யார் என்பதும் முக்கியம். சங்கத்தின் பெயரால் எழுதப்பட்ட விண்ணப்பத்தில் ‘எனக்கு’ இல்லை, ‘எங்கள்’ வருகிறது. சமயம், மதம், வருணம், ஆசிரமம் இவற்றின் ஆசாரப் பிடிகள் எங்கள் மனதில் ஒட்டாமல் இருக்க அருள வேண்டும் என்பது அதன் சாரம். ஆயிரக்கணக்கான பாடல்களில் ‘என்’ என்று உருகிய ஒரு தன்னிலை, உரைநடை மனுவில் பன்மையாகிறது. தனிப் பாடகர் சங்கத்துக்குள் கரைவது இந்த இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது. வாசிக்கிறவர், அதை வாய்விட்டுப் படிக்கிற அந்த நிமிஷத்தில், மனுதாரர்களில் ஒருத்தர் ஆகிவிடுகிறார். கையெழுத்துப் போட வேண்டியதில்லை, படித்தால் போதும். 1865இல் சங்கம், 1867இல் தருமச்சாலை, 1872 ஜனவரியில் சத்திய ஞானசபையின் முதல் ஜோதி தரிசனம் என்று வருஷங்களை வரிசையாக மனப்பாடம் செய்கிறவர்கள் இந்த ‘எங்கள்’ பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அடுத்தது அச்சு. எங்கள் ஊரில் ‘அச்சு’ என்றால் முதலில் ஞாபகம் வருவது அச்சகம் அல்ல. செராமிக் எஸ்டேட்டில் பிளாஸ்டர் அச்சுக்குள் மண்கூழை ஊற்றி வைப்பார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச உள்சுவரில் மண் ஒரு தோலாகப் படியும். மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றிவிட்டால் உள்ளே பொம்மை. அச்சின் உருவம்தான் மண்ணுக்கு. தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் அருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளை வெளியிட்டபோது நடந்ததும் இப்படித்தான். பாடல்களைத் திருமுறைகளாகப் பிரித்ததும், தேவார திருவாசகங்களுக்குரிய அந்தச் சொல்லையே இதற்குச் சூட்டியதும், ஆசிரியருக்கு ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்று பட்டம் வைத்ததும் அவர்தான். பாடியவரோ, ‘இராமலிங்கசாமி’ என்று போடுவதே ஆடம்பரமாகத் தெரிகிறது, வேண்டாம் என்று இரத்தின முதலியாருக்கு ஏற்கனவே எழுதியவர். சைவத் திருமுறை என்ற அச்சில் வார்த்து எடுத்தார்கள். அந்த உருவத்தில்தான் ஊருக்குத் தெரியவந்தது.

ஆறுமுக நாவலருக்குக் கோபம் வந்ததும் இந்த உருவத்தைப் பார்த்துத்தான். ‘அருட்பா’ என்ற பெயர் யாருக்கு உரிமை, கோயிலில் எதைப் பாடலாம் என்பது அவருடைய பிரச்சினை. 1869இல் நாவலர் தரப்பிலிருந்து ‘போலியருட்பா மறுப்பு’ வந்தது. அதே ஆண்டு மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்கு. கோர்ட்டில் இராமலிங்கர் நுழைந்ததும் எல்லோரும் எழுந்தார்கள், நாவலரே எழுந்துவிட்டார், கேஸ் தள்ளுபடி என்று ஒரு கதை எங்கள் பக்கத்தில் ஓடுகிறது. கேட்கச் சுகமான கதை. அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறவர்கள் ப. சரவணன் தொகுத்து 2010இல் வந்த ‘அருட்பா மருட்பா கண்டனத் திரட்டு’ பக்கம் கொஞ்சம் திரும்ப வேண்டும். இரு தரப்பும் போட்ட துண்டுப் பிரசுரங்களை அங்கே ஒன்றாகப் பார்க்கலாம். வசவு என்றால் அப்படியொரு வசவு! ஆனால் எனக்கு இந்தச் சண்டையில் வேறொன்று முக்கியம். மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக இது இருபதாம் நூற்றாண்டுக்குள் போகிறபோது, அருட்பாவுக்காக மேடை ஏறியவர்களில் ஒருவர் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர். சைவர்கள் தங்களுக்குள் ‘எது எங்கள் நூல்’ என்று அடித்துக்கொண்ட இடத்தில் ஒரு முஸ்லிம் புலவர் வந்து நின்று ‘இது அருட்பாதான்’ என்கிறார். அச்சு, பாடியவரே கூப்பிடாத ஆட்களையும் பந்தியில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

அச்சில் வார்த்த உருவத்தைப் பாடியவர் ஏற்றாரா என்றால் இல்லை. மேட்டுக்குப்பத்தில் 1873 அக்டோபரில் கொடி ஏற்றிவிட்டுச் செய்த பேருபதேசத்தில் இது வெளிப்படையாக இருக்கிறது. சைவத்தின் மேல் தனக்கு முன்பு இருந்த பற்று கொஞ்சநஞ்சமல்ல, அதற்குத் தன் தோத்திரப் பாடல்களே சாட்சி, அப்போது தனக்கு அவ்வளவு அற்ப அறிவு என்கிற மாதிரி பேசுகிறார். தான் எழுதி, தன் பெயரில் அச்சாகி, தனக்காகக் கோர்ட் வரை போன புத்தகத்தை ஆறே வருஷத்தில் தள்ளி வைக்கிற ஒரு ஆசிரியர்! ‘ஆசிரியரின் மரணம்’ பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோமே, இங்கே ஆசிரியர் உயிரோடு இருந்தே பிரதியைக் கைவிடுகிறார். வாசகர்கள்தான் விடவில்லை. சமயங்களையும் சாத்திரங்களையும் நேரடியாக மறுத்துப் பேசும் ஆறாம் திருமுறை அச்சேறியது 1885இல், அவர் சித்திவளாகத்து அறைக்குள் போய்ப் பதினோரு வருஷம் ஆன பிறகு. அதற்குள் பட்டமும் படமும் பூசையும் நிலைபெற்றுவிட்டன. எழுத்தின் மூலம் கூடின ஒரு கூட்டம், எழுதியவர் நகர்ந்த பிறகும் பழைய பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பது ஆன்மீக இயக்கங்களுக்கு மட்டும் உரிய வியாதியில்லை. நம் கட்சிகளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, வாசலுக்கு வருவோம். இவ்வளவு நேரம் நான் சொன்னதைக் கேட்டுச் சில நண்பர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இனி அப்படி இருக்காது.

வடலூரில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. தருமச்சாலை ஒன்று. 1866 பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1867 மே 23ஆம் தேதி மூட்டிய அடுப்பு அங்கே இன்றுவரை அணையாமல் எரிகிறது. அவர் மறைந்த பிறகு 1876–78இல் வந்த பெரும் பஞ்சத்தையும் அது பார்த்திருக்கிறது. அங்கே யார் என்ன சாதி என்று கேட்கிறதில்லை. பசி இருந்தால் இலை. இன்னொன்று ஞானசபை. அதன் வாசலில், கொலையும் புலாலும் விட்டவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இது பின்னால் வந்த நிர்வாகிகள் சேர்த்த கோளாறு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உயிர்க்கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் ‘அக இனத்தார்’, மற்றவர்கள் ‘புற இனத்தார்’, புற இனத்தாருக்குப் பசியை மட்டும் போக்கு, மற்றதெல்லாம் அவர்களுக்கில்லை என்கிற பாகுபாடு ஆறாம் திருமுறையிலேயே இருக்கிறது. சாதி சமய மறுப்பு உச்சத்துக்குப் போகிற அதே திருமுறையில்.

அன்பர்களின் பதில் தெரிந்ததுதான். இது பிறப்பால் வருகிற தடையல்ல, ஒழுக்கத்தால் வருவது, நாளைக்கே விட்டுவிட்டால் நாளைக்கே உள்ளே வரலாம் என்பார்கள். தர்க்கமாக அது சரி. நடப்பில்? சோற்றோடு என்ன தின்கிறார்கள் என்பதை வைத்து ஊரையும் சேரியையும் பிரித்த நாட்டில், ‘இது வெறும் ஒழுக்கம்’ என்று சொல்ல இயலாது. தீண்டாமையின் தோற்றத்தையே மாட்டிறைச்சியோடு பொருத்தி 1948இல் அம்பேத்கர் ஒரு நூல் எழுதியிருக்கிறார். ‘புலை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சியைக் குறித்த அதே சொல் தமிழில் எந்தச் சாதியின் மேல் ஏற்றப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லை வாசலில் வைத்துவிட்டு, சாதி இல்லை என்று உள்ளே பாட முடியுமா? ‘எங்கள்’ என்று விண்ணப்பத்தில் திறந்த பன்மை இந்த வாசலில் சுருங்குகிறது. எழுத்தால் கூடிய சங்கத்துக்கு எல்லை இருக்கிறது, அடுப்பால் கூடிய பந்திக்கு இல்லை. தலித் விமர்சகரான ராஜ் கௌதமன் 2001இல் வள்ளலார் பற்றித் தனி நூலே எழுதினார். அப்படிப்பட்ட வாசிப்புகளைத் தாண்டிப்போய் இன்னும் ‘ஒளி, கருணை’ என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம்.

அதற்காக அடுப்பையும் சேர்த்து அணைத்துவிடச் சொல்லவில்லை. எனக்கு வள்ளலாரிடம் மீதமிருப்பதே அந்த அடுப்புதான். ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலில் பசியை அவர் அங்கம் அங்கமாக விவரிக்கிற இடங்கள் தமிழ் உரைநடையில் ஈடில்லாதவை. பசித்தவன் உடம்புக்குள் என்னென்ன நடக்கிறது என்று ஒரு வைத்தியர் மாதிரி எழுதிக்கொண்டு போகிறார். இந்த இடத்தில் எழுத்து, தவமா சாதனையா என்ற கேள்வியே எழவில்லை. எழுதுகிற கை அடுத்தவர் வயிற்றில் இருக்கிறது.

எங்கள் ஊரில் இன்றைக்கு இது எப்படிப் புழங்குகிறது என்றும் சொல்ல வேண்டும். சூளையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். தினம் காலையில் ரூல் போட்ட நோட்டில் ‘அருட்பெருஞ்ஜோதி’ என்று ஒரு பக்கம் எழுதாமல் டீ குடிக்க மாட்டார். “என்னா பெரிப்பா, இத எழுதி என்ன ஆவப்போவுது?” என்று ஒருநாள் கேட்டேன். “கை நடுக்கம் நின்னுருக்குதுடா” என்றார். நோட்டுகள் பரணில் அடுக்கி இருக்கின்றன. யாருக்கும் காட்டுவதில்லை. ஃபூக்கோ சொன்ன நோட்டு வகைதான், கடிதம் இல்லை. இதைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமையில்லை. அதேநேரம் இதில் சங்கமும் இல்லை. ஒரு கை தன்னைத்தானே பழக்கிக்கொள்கிறது.

கடிதத்தின் தொடர்ச்சி வேறொரு இடத்தில் இருக்கிறது. கண்மணி குணசேகரன் 2007இல் வெளியிட்ட நடுநாட்டுச் சொல்லகராதியை எடுங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர், பல்கலைக்கழகத் துறை எதுவும் செய்யாத வேலையைச் செய்து வைத்திருக்கிறார். மல்லாக்கொட்டைக் கொல்லையிலும் முந்திரித் தோப்பிலும் பேசுகிற சொல் ஒவ்வொன்றையும் ஒரு ஆள் காது கொடுத்துக் கேட்டு எழுதுவது என்றால், அதற்குப் பின்னால் எத்தனை வருஷத்து நாள் ஒழுக்கம் இருக்க வேண்டும்! அதற்குத் ‘தவம்’ என்று பெயர் வைத்து நான் கொச்சைப்படுத்த மாட்டேன். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பெயர்ந்த ஜனங்களைப் பற்றி ‘வந்தாரங்குடி’ எழுதியவரும் அவரே. எங்கள் செராமிக் சூளைகளுக்கு வருகிற வெள்ளை மண் நெய்வேலி நிலக்கரிக்கு மேலே இருந்து வெட்டி எடுத்ததுதான். அந்த மண்ணுக்கு மேலே முன்பு ஊர்கள் இருந்தன. அந்த ஊர்களின் பேச்சு அகராதியில் இருக்கிறது. இதே விருத்தாசலத்திலிருந்து எழுதும் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது தலித் இலக்கியத்துக்குள்ளேயே பெரிய சச்சரவு. சேரிக்கு வெளுக்கிற குடும்பத்தின் கதை, ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள்ளும் யார் வாசலில் நிற்கிறார்கள் என்று கேட்டது. அக இனம், புற இனம் என்ற பாகுபாட்டுக்கு இந்த மாவட்டத்திலிருந்து வந்த கூர்மையான பதிலாக அந்த நாவலை நான் வாசிக்கிறேன், அதன் ஆசிரியர் அப்படி நினைத்தாரா இல்லையா என்பது வேறு விஷயம். (விருத்தாசலம் என்ற பெயரையே தன் பெயராகக் கொண்டவர் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன். கடவுளைக் காப்பி கிளப்புக்கு அழைத்துப்போனவருக்குப் பழமலைநாதர் பெயர்!)

கடைசியாக ஒன்று. ஞானசபையைச் சுற்றியுள்ள பெருவெளி பார்வதிபுரம் ஊர்க்காரர்கள் வள்ளலாருக்கு எழுதிக் கொடுத்த நிலம், சுமார் 80 காணி. அருட்பாவின் கையெழுத்துப் படிகளைத் தேடித் தேடி ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 தொடங்கி 1958 வரை பன்னிரண்டு பகுதிகளாகப் பதிப்பித்தார். பாட்டுக்கு அவ்வளவு பெரிய உழைப்பு. நிலத்தை எழுதிக் கொடுத்த குடியானவர்களின் எழுத்தை இந்த மரபின் எழுத்து என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வள்ளலார் சர்வதேச மையம் என்று அரசு 2024 பிப்ரவரியில் அந்தப் பெருவெளியில் அடிக்கல் நாட்டியபோது எதிர்த்து வந்தவர்களில் பார்வதிபுரம் ஜனங்களும் இருந்தார்கள். விவகாரம் உயர்நீதிமன்றம் போயிற்று. அவர்கள் பேசியது ஞான விளக்கம் இல்லை. கூட்டம் வந்து நின்று ஜோதி பார்க்க எங்கள் பாட்டன்கள் கொடுத்த வெறும் தரை இது, இதில் கட்டடம் எதற்கு என்பதுதான் அவர்கள் கேள்வி. அந்தத் தரைக்கு வாசல் கிடையாது. தைப்பூசத்தன்று கறி தின்கிறவனும் தின்னாதவனும் அங்கேதான் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.